முதுமைக்கும் மானம் உண்டு!



பெற்ற தாய் தந்தையரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது சரியா, தவறா என்று வழக்காட நான் வரவில்லை. அந்த வழக்கு நம் உறவினர் கூடும் இடங்களிலெல்லாம் போதுமான அளவு நடந்துவிட்டது. சேர்த்தவரை ஏசுவதால், சேர்க்கப்பட்டவருக்கு ஒரு நன்மையும் விளையப் போவதில்லை. சேர்ந்த பிறகு அங்கே அவர் எப்படி வாழ்கிறார்? வேளைக்குச் சோறும் படுக்கக் கட்டிலும் கிடைத்தால் போதுமா? அவருடைய மானம் காக்கப்படுகிறதா? இதைத்தான் நாம் இன்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி நமக்கு எப்படி வந்தது என்பதைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்ததும் வீட்டையும் விட வேண்டியதாயிற்று. பால்மரம் சீவியவரும் செம்பனைக் குலை வெட்டியவரும் முதுமையில் பிள்ளைகளின் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். அங்கே கணவனும் வேலைக்குப் போகிறான், மனைவியும் போகிறாள். தந்தைக்குப் பக்கவாதம் வந்துவிட்டால், தாய்க்கு நினைவு தடுமாறத் தொடங்கினால், பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நாட்டிலும் முதியவர்கள் கூடி வருகிறார்கள். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். 2020-இல் அது ஏறத்தாழ 7 ஆகிவிட்டது. இல்லங்கள் பெருகுவதில் வியப்பென்ன?

பலகைச் சுவருக்குள் காத்த மானம்

நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்த லயத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். இரு வீடுகளுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர். இங்கே இருமினால் அங்கே கேட்கும். குளிக்கப் பொதுக்குழாய். கக்கூசுக்கு வீட்டை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். தனிமை என்று சொல்லிக்கொள்ள ஓர் அறைகூடக் கிடையாது.

ஆனாலும் அங்கே மானம் இருந்தது! பெண்கள் கைலியை மார்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளித்தார்கள். ஈரத்துணி நழுவாமல் உலர்ந்த சேலைக்கு மாறும் வித்தை அவர்களுக்குக் கைவந்த கலை. ஆண்கள் குழாயடிக்கு வரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் குளிப்பது தெரிந்தால் திரும்பி நின்றார்கள். அடுத்த வீட்டில் நடக்கும் சண்டை காதில் விழுந்தாலும் விழாததுபோல் இருந்தார்கள். சுவர் தராத மறைப்பை மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

இதை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. மானம் காக்கப் பெரிய மாளிகை தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். "எங்கள் இல்லத்தில் இடம் குறைவு, தனி அறைக்கு வசதியில்லை" என்று சொல்பவர்களுக்கு, நம் லயங்களே பதில் சொல்லும்.

குளியலறைக் கதவு

இன்று தனியார் இல்லங்கள் பல, நகரத்து வரிசை வீடுகளை மாற்றி அமைத்தவை. கூடத்தில் சில கட்டில்கள், அறைக்குள் சில கட்டில்கள். காலையில் இருக்கின்ற ஓரிரு பணியாளர்கள் எல்லாரையும் எழுப்பி, குளிப்பாட்டி, துணி மாற்றி, பசியாற வைக்க வேண்டும். அவசரம் பிடித்துக்கொள்கிறது. அந்த அவசரத்தில் முதலில் பறிபோவது மானம்தான். குளியலறைக் கதவு திறந்தே கிடக்கிறது. துணியைக் களைந்தபின் ஒருவரைக் காக்க வைத்துவிட்டு இன்னொருவரைக் குளிப்பாட்டுகிறார்கள். அறுபது, எழுபது ஆண்டுகள் பிறர் கண்ணில் படாமல் காத்த உடம்பு, போவோர் வருவோர் பார்க்கக் கிடக்கிறது.

எப்படிச் செய்ய வேண்டும்? முதலில் கதவைத் தட்ட வேண்டும். கதவில்லாத கட்டில் என்றால் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். "அம்மா, குளிக்கலாமா? முதுகைத் தேய்க்கட்டுமா?" என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். காது மந்தமானவருக்கும் நினைவு தப்பியவருக்கும் இது இன்னும் அவசியம். ஒன்றும் சொல்லாமல் சட்டென்று துணியை உருவினால், நினைவு தப்பியவர் தம்மை யாரோ தாக்க வருவதாக எண்ணிக் கத்துவார், கையை ஓங்குவார். பிறகு அவருக்கு "அடிக்கிற கிழவி" என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அவர் அடிக்கவில்லை, தம் மானத்தைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறார்!

படுத்த படுக்கையாக இருப்பவரைத் துடைப்பதற்கும் தாதிகள் கற்கும் முறை ஒன்றுண்டு. உடம்பு முழுவதையும் ஒரு பெரிய துண்டால் மூடி, துடைக்கும் பாகத்தை மட்டும் திறக்க வேண்டும். முகம், கை, மார்பு, கால் என்று ஒன்றைத் துடைத்து, ஈரம் ஒற்றி, மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அந்தரங்க இடத்தைக் கடைசியாக, புதுத் தண்ணீரில், வேறு துணியால் துடைக்க வேண்டும். அவருக்குக் கையசைக்க முடியுமானால் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு நாம் திரும்பிக்கொள்ளலாம். இதனால் குளிரும் தாக்காது, வெட்கமும் வராது. தேவைப்படுவது ஒரு துண்டும் ஒரு திரையும்தான். திரையை இழுத்துவிட எத்தனை நொடி ஆகும்?

பெண்களுக்குப் பெண் பணியாளரே இந்த வேலைகளைச் செய்ய வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. ஆண்களுக்கும் வெட்கம் உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வெட்கம் நோயாகும்போது

"வயதான காலத்தில் என்ன வெட்கம்?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மானத்தைக் காக்காவிட்டால் உடம்பும் கெடும்.

இராத்திரியில் பெம்பர்ஸ் மாற்ற ஆண் பணியாளர் வருவார் என்று தெரிந்த மூதாட்டி, மாலையிலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டார். கேட்டால், "தாகமில்லை" என்பார். தண்ணீர் குறைந்தால் மலம் கட்டும், தலை சுற்றும், சிறுநீர்த் தாரையில் கிருமி பிடிக்கும். முதியவர்களுக்கு இதனால் திடீரென்று மனக்குழப்பமும் வரும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றுவார். "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். தொடக்கமோ ஒரு வெட்கம்!

இன்னும் சிலர், கூப்பிட்டால் ஏசுவார்களே என்று பயந்து, இருட்டில் தாமே எழுந்து கழிவறைக்குப் போகப் பார்த்து விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களில் பலர் பழையபடி நடமாடுவதேயில்லை. ஆகவே, மானம் காப்பது அலங்காரமன்று. அதுவும் வைத்தியத்தின் ஒரு பகுதி.

மொழியும் இதில் குறுக்கே நிற்கிறது. எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பல ஆண்டுகள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மூதாட்டி ஒருவரைக் காண நகரத்து இல்லம் ஒன்றுக்குப் போயிருந்தேன். விடிவதற்கு முன் மரம் சீவப் போன தாய்மார்கள் நம்பி விட்டுச் சென்ற குழந்தைகளுக்கெல்லாம் துணி மாற்றிய கை அவருடையது. அவர், "வெளிக்குப் போகணும், வெளிக்குப் போகணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அயல்நாட்டிலிருந்து வந்த இளம் பணிப்பெண்ணுக்கு ஏதோ கொஞ்சம் தமிழ் புரிந்திருக்கிறது. வாசல் இரும்புக் கதவைக் காட்டி, "வெளியே போகக்கூடாது" என்று கையசைத்துவிட்டுப் போனாள். "வெளிக்கு" என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? நான் விளக்குவதற்குள் மூதாட்டியின் துணி நனைந்துவிட்டது. அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் விவரம் தெரிந்ததும் கண்கலங்கி, ஓடிப்போய்த் திரையை இழுத்துவிட்டு மாற்றுத்துணி எடுத்துவந்தாள். கெட்ட மனம் அங்கே யாருக்கும் இல்லை. ஒரு சொல் தெரியவில்லை, அவ்வளவுதான்!

ஆகவே, ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் சில சொற்களை எழுதிக் கட்டிலருகே ஒட்டிவிட்டு வாருங்கள். "வெளிக்கு, ஒண்ணுக்கு" என்றால் தண்டாஸ். தண்ணீர் என்றால் ஆயர். வலி என்றால் சாக்கிட். குளிர் என்றால் செஜுக். பணியாளர் படிக்கும் எழுத்தில், தமிழ் ஒலியும் மலாய்ப் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை அரை மணியில் எழுதிவிடும்.

கொண்டையும் பெயரும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். இல்லங்கள் சிலவற்றில் துணிகளையெல்லாம் ஒன்றாய்த் துவைத்து, கைக்கு எட்டியதை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். ஆயுள் முழுவதும் சேலை கட்டியவர் யாருடையதோ ஒரு கால்சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். துணியின் உள்பக்கம் பெயரைத் தைத்துக் கொடுங்கள். பல்செட்டு, கண்ணாடி, காதுக்கருவி இவற்றுக்கும் பெயரிட்ட டப்பா இருக்கட்டும்.

பேன் பிடிக்கும், சீவ நேரமில்லை என்று மூதாட்டிகளின் தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுவதும் உண்டு. கொண்டை போட்டுப் பழகிய ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அது எத்தனை பெரிய இழப்பு! வெட்டத்தான் வேண்டுமென்றால் அவரைக் கேட்க வேண்டும். அவரால் சொல்ல முடியாவிட்டால் குடும்பத்தைக் கேட்க வேண்டும். பொட்டு, திருநீறு, வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு, மாட்டிறைச்சி ஆகாது என்பது, இவையும் அப்படித்தான். சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பெயரைச் சொல்லாமல் "மூணாம் கட்டில்" என்று குறிப்பிடுவதும், "மறுபடியும் நனைச்சிட்டியா?" என்று நாலுபேர் முன்னால் அதட்டுவதும், குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சுவதும் தகாது. ஒரு காலத்தில் வெட்டுக்கு ஆள் பிரித்தவர், கோயில் திருவிழாவை முன்னின்று நடத்தியவர், ஆறு பிள்ளைகளை வளர்த்தவர் அந்தக் கட்டிலில் இருக்கிறார். அவருடைய நோயைப் பற்றி, அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டு, அவர் இல்லாததுபோல் பேசுவதும் அவமதிப்பே. இதை நாமும் செய்கிறோம். டாக்டர் கேட்ட கேள்விக்கு அவர் வாய் திறப்பதற்குள் நாம் பதில் சொல்லிவிடுகிறோம்!

படம் எடுப்பதற்கு முன்

தீபாவளி வந்துவிட்டால் இல்லங்களுக்கு அன்பளிப்புகளோடு பலர் வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்து, வரிசையாக உட்கார வைத்துப் படம் பிடித்து, முகநூலில் போடுகிறார்களே, அந்தப் பெரியவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? தம்மை இல்லத்தில் சேர்த்த செய்தி ஊர் உறவுக்குத் தெரியக்கூடாது என்று அவர் நினைத்திருக்கலாமே!

இல்லத்தாரை மட்டும் சொல்வானேன்? மூக்கில் குழாயும் இடுப்பில் பெம்பர்ஸுமாகக் கிடக்கும் தந்தையைக் கைப்பேசியில் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிள்ளைகள் நம்மிடையே இல்லையா? புண்ணை டாக்டருக்குக் காட்டப் படம் எடுப்பது வேறு. ஊருக்குக் காட்டுவது வேறு. வணிக முறையில் நடக்கும் நிறுவனங்களுக்கென இயற்றப்பட்ட 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நலத் தகவலுக்குத் தனிக் காப்பு அளித்து, பொதுவாக அவருடைய வெளிப்படையான சம்மதத்தைக் கேட்கிறது. அந்தச் சம்மதத்தை நாமும் மதிக்க வேண்டாமா?

கண்காணிப்புக் கேமரா வைப்பதிலும் அளவு வேண்டும். வாசலிலும் நடையிலும் வைக்கலாம். குளிக்கும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் கூடாது. படுக்கையைப் பார்க்கும் கேமரா இருந்தால், அந்தப் படத்தை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அடையாளக் கார்டு, வங்கிப் புத்தகம், வரும் கடிதம் இவையும் அந்தரங்கமே. பெரியவர் கையில் செலவுக்கு ஐந்தோ பத்தோ வெள்ளி இருக்கட்டும். ஒரு கோப்பித் தண்ணி வாங்கிக் குடிக்கப் பிறரைக் கெஞ்சும் நிலை வேண்டாம்.

கட்டிப்போடுவது காவலன்று

"விழுந்துவிடுவார்" என்று நாற்காலியோடும் கட்டிலோடும் துணியால் கட்டிவைப்பதைச் சில இடங்களில் காணலாம். கட்டினால் ஆபத்து நீங்கும் என்பது பிழையான எண்ணம். கட்டை அவிழ்க்கப் போராடி விழுவதும் காயப்படுவதும் உண்டு. அசையாமல் கிடந்தால் கால் வலுவிழக்கும், படுக்கைப்புண் வரும். கட்டிலைத் தாழ்வாக வைப்பது, இரவில் சிறு விளக்கு எரிய விடுவது, வேளை பார்த்துக் கழிவறைக்கு அழைத்துப் போவது, வழுக்காத செருப்பு, இவையே நல்ல காவல். டாக்டர் சொல்லாமல், குடும்பத்துக்குத் தெரிவிக்காமல் கட்டுகிறார்கள் என்றால் காரணம் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதியோரைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள், 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிவு செய்யப்பட வேண்டும். தாதிமைச் சிகிச்சை தரும் இல்லங்களுக்கு, 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும் என்று வைத்தார்கள். முதியோருக்கான தனியார் பராமரிப்புக்கென்றே 2018-இல் தனிச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. பார்க்க யாருமில்லாத முதியோருக்காகச் செராஸ், சிரம்பான், பீடோங் போன்ற இடங்களில் அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் இருக்கின்றன.

உலக அளவிலும் இது பேசப்பட்ட பொருளே. 1991-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் ஐக்கிய நாட்டுச் சபை முதியோருக்கான 18 கோட்பாடுகளை ஏற்றது. எந்த இல்லத்தில் தங்கியிருந்தாலும் முதியவரின் கண்ணியம், நம்பிக்கை, தேவை, அந்தரங்கம் ஆகியவை முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தம் பராமரிப்பைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமையும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. நாம் கேட்பது யாரிடமும் சலுகையன்று!

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது

சேர்ப்பதற்கு முன் ஒரு முறை காலையிலும் ஒரு முறை மாலையிலும் போய்ப் பாருங்கள். தரையின் பளபளப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இவற்றைக் கவனியுங்கள்:

1. பதிவுப் பத்திரம் அல்லது உரிமம் இருக்கிறதா?

2. ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை உண்டா? அது இழுத்தால் முழுவதும் மூடுகிறதா?

3. குளியலறைக்கும் கழிவறைக்கும் கதவு உண்டா? உள்ளே ஆள் இருக்கும்போது அதை மூடுகிறார்களா?

4. பெண்களைக் குளிப்பாட்டுவது, இரவில் துணி மாற்றுவது யார்?

5. பணியாளர்கள் முதியோரை எப்படி அழைக்கிறார்கள்? தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்கிறார்களா?

6. அவரவர் சாமான்களை வைத்துப் பூட்ட ஒரு சிறு அலமாரி உண்டா?

7. வந்த உறவினரோடு தனியாகப் பேச இடம் உண்டா? எப்போதும் யாராவது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் அது நல்ல அடையாளமன்று.

சேர்த்த பிறகும் போய் வாருங்கள். எந்நாளும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே போகாமல் வெவ்வேறு வேளையில் போங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்காமல், "குளிக்க வைக்கிறவங்க நல்லா நடத்துறாங்களா? கூச்சமா இருக்கா?" என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். குறை தெரிந்தால் முதலில் பொறுப்பாளரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். திருந்தவில்லையென்றால் சமூக நல இலாகாவில் புகார் செய்யலாம். தாலியான் காசே 15999 என்ற எண்ணும் இருக்கிறது. அடி, காயம் என்றால் போலீசுக்குப் போகத் தயங்காதீர்கள்.

பணியாளர்களையும் நினைத்துப் பாருங்கள். பிறர் அருவருக்கும் வேலையை நம் பெற்றோருக்காகச் செய்பவர்கள் அவர்கள். அவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டு, நன்றி சொல்லிப் பழகுங்கள். "எங்கம்மா சாயங்காலம் பாட்டுக் கேட்பாங்க; இடது தோள் வலிக்கும்; கைலியை மார்புல கட்டித்தான் குளிப்பாங்க" என்று சொல்லி வையுங்கள். தாம் குளிப்பாட்டுவது யாரையென்று தெரிந்துகொண்டவரின் கை தானாகவே மென்மையாகிவிடும்.

என் மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு: பெரியவர் அறைக்குள் போகுமுன் கதவைத் தட்டு, அவர் உடை மாற்றும்போது வெளியே வந்துவிடு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திரு. இந்த மூன்றையும் வீட்டில் கற்ற பிள்ளை, நாளை தாதியாகவோ பணியாளராகவோ ஓர் இல்லத்துக்குப் போனால் மறக்காது. நாமும் ஒரு நாள் அந்தக் கட்டிலுக்குப் போக வேண்டியவர்களே. அன்று நம் திரையை யாராவது இழுத்துவிட வேண்டுமானால், இன்று நம் பெற்றோரின் திரையை நாம் இழுத்துவிடுவோம்!